நலவாரியப் பணம் எங்கே நின்றுபோகிறது?

ஆசிரியருக்கு,

பெருந்தொற்று நிவாரணம் என்றாலே 'எவ்வளவு கொடுத்தார்கள்' என்றுதான் பேசுகிறோம். 2020 மார்ச் ஊரடங்கில் கட்டுமானத் தொழிலாளர்களுக்குப் பணம் இல்லாமல் போகவில்லை. அவர்கள் நலனுக்கென்று கட்டடச் செலவில் 1 சதவீதமாக வசூலித்த செஸ் (தனி வரி) நிதி நாடு முழுவதும் சுமார் 52,000 கோடி ரூபாய் இருப்பதாக மத்திய தொழிலாளர் அமைச்சகமே சொன்னது. 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 60-வது பிரிவைக் காட்டி, அதை வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய உறுப்பினர்களுக்கு 1,000 ரூபாய் அறிவித்தார்கள். சிக்கல் பட்டியலிலும் பாஸ்புக்கிலும்தான்.

நலவாரிய உறுப்பினர் அட்டை காலாவதியானால் பெயர் பட்டியலில் வராது. பதிவுக்கு முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாரத்துக்கொரு மேஸ்திரியிடம் போகும் சித்தாளுக்கு அந்த 90 நாளை யார் எழுதிக் கொடுப்பார்?

அட்டை உயிரோடு இருந்தாலும் இன்ஷியல் காலை வாரும். ஆதாரில் 'முருகன் க', பாஸ்புக்கில் 'கே. முருகன்', அட்டையில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அத்தோடு 2020 ஏப்ரலில் பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. பல கிளைகளின் ஐஎஃப்எஸ்சி எண் (கிளையின் அடையாள எண்) பிறகு மாறியது. வாரியத்தில் பழைய எண்ணே கிடந்தால் பணம் திரும்பிப்போகும்.

ஆதார் வழியாக வரும் பணம் இன்னும் குழப்பம். கடைசியாக ஆதாரை இணைத்த வங்கிக்குத்தான் அது போகும். எப்போதோ முகாமில் தொடங்கி மறந்துபோன கணக்கில் விழுந்திருக்கும். இவரோ பழைய பாஸ்புக்கை நீட்டிக்கொண்டிருப்பார். எந்த வங்கி என்று ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். அங்கே உள்ளே நுழைய ஓடிபி வேண்டும், ஆதாரில் பதிந்த செல் நம்பரோ மாறியிருக்கும். அதைத் திருத்த மையத்துக்குப் போனால், சிமென்ட் அரித்த விரலில் கைரேகை விழாது. கொத்தனார்களுக்கு முதலிலேயே கருவிழிப் பதிவைக் கேட்டு வாங்குவதே நல்லது.

நோய் வந்த பிறகு முகாம் போட்டுப் பயனில்லை. வாரியம் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு உறுப்பினர் கணக்கிலும் ஒரு ரூபாய் போட்டுப் பார்க்கட்டும். போய்ச் சேராதவர்களின் பதிவு எண்ணையும் காரணத்தையும் ரேஷன் கடையில் ஒட்டட்டும். பெயர் வேண்டாம், எண் போதும். அட்டையை வைத்து அவரே பார்த்துக்கொள்வார்.

— கட்டுமானத் தொழிற்சங்க ஊழியர், விழுப்புரம்