அது அலங்காரம் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பாரிஸ் நோட்ர டாம் பேராலயக் கட்டுரையில், "சுவருக்கு வெளியே அழகுக்காகச் சேர்த்த கல் வளைவுகள்" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த வளைவுகள் இல்லாவிட்டால் சுவர் தாங்காது, ஐயா. உள்ளே கல்லால் கவிந்த கூரை, தன் பாரத்தால் சுவரை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்கித் தரைக்கு இறக்குவதுதான் வளைவுகளின் வேலை. அவை வெளியே நின்று சுமப்பதால்தான் சுவரை மெலிதாக்கி, அவ்வளவு பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை வைக்க முடிந்தது. உயரம் கூடக்கூட இது எவ்வளவு ஆபத்தான கணக்கு என்று பிரான்சிலேயே உள்ள போவே பேராலயத்தைக் கேட்க வேண்டும். கூரையைச் சுமார் 48 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். 1284-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இடையிடையே கூடுதல் தூண் கொடுத்துத்தான் மறுபடி நிறுத்தினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

எழுத உட்கார்ந்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் அதே பேராலயம் எரிந்தபோது "850 ஆண்டுக் கோபுரம் சரிந்தது" என்று தலைப்புப் போட்டீர்கள். சரிந்த ஊசிக் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் எழுப்பியது. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. எந்தப் பழைய தேவாலயப் படம் வந்தாலும் கீழே "கோதிக்", அதாவது கூர்முனை வளைவுப் பாணி, என்று போட்டுவிடுகிறீர்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்துக்கும் அதே. தடித்த தூண்களும் அரைவட்ட வளைவுகளும் படத்திலேயே தெரிகின்றன. 1093-இல் தொடங்கிய, கோதிக்குக்கு முந்திய ரோமானஸ்க் பாணிக் கட்டடம் அது. கோதிக் கட்டடங்களின் அடையாளமாகிவிட்ட, விலா எலும்பு போலக் கூரையைத் தாங்கும் விலா வளைவுகள் அதன் கூரையில் அப்போதே இருந்தன. அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நான் ஒரு பழைய தேவாலயத்தின் பராமரிப்புக் குழுவில் இருந்தவன். சுண்ணாம்புக் காரை உதிர்கிறது, சிமெண்ட் பூசலாம் என்றார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது என்று மன்றாடினேன். "பூச்சு அழகுக்குத்தானே, எதுவாயிருந்தால் என்ன?" என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். நாலைந்து மழைக்காலம் போனதும் ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்தது. பின்னால் கல்லெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. வடக்குச் சுவரில் ஒரு பழைய வாசலின் அரைவட்டம் முன்பு தெரியும், உள்ளே வேறு நிறக் கல் வைத்து அடைத்திருப்பார்கள். கட்டடம் இரண்டு காலத்தில் எழுந்தது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அது. அதன் மேலும் சிமெண்ட். "அழகுக்காக" என்று அச்சில் பார்த்ததும் அந்தச் சுவர்தான் கண்முன் வந்து நின்றது.

அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், இனி இப்படிக் கட்டுரை வரும்போது ஓரத்தில் கட்டடத்தின் தரைப்படம் ஒன்றும் சேருங்கள். எந்தப் பகுதி எந்தக் காலத்தியது என்று அதில் குறித்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்