கூத்துமாடத்துக் கூரை குறித்து அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடையை விற்றதில் என் பங்குக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை, பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து நடக்கும் கூத்துமாடத்தின் கூரைக்குக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் திதி முடிந்த மறுநாளே கமிட்டியில் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. வேறு யாராவது உங்கள் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உறவுக்காரர்களும் கடைவீதிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் தொகையையும், பங்கு பிரித்த அன்று கூடத்தில் பேசப்பட்டவற்றையும் இங்கே எழுதவில்லை.

கேட்க ஆளில்லாத கூத்துக்குக் கூரை எதற்கு என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நீங்கள் முதன்முதலாகக் கேட்ட இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பங்குனி வெக்கையில் அப்பா தேங்காயெண்ணெய் டின்னை நம் இருவரிடமும் கொடுத்து முன்னால் அனுப்பினார். கம்பிக் கைப்பிடி விரலை அறுத்ததால் பத்தடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து, நீங்கள் உங்கள் தாவணி நுனியைச் சுற்றிக்கொடுத்தீர்கள். மாடத்தின் பின்வாசலில் நின்று பார்த்தபோது, திரையின் நீளம் முழுவதும் பலகைமேல் 21 தேங்காய்மூடிகளில் திரி எரிந்துகொண்டிருந்தது. திரைத்துணியில் முள்ளால் குத்தி நிறுத்திய பாவைகளுக்குப் பின்னால், கூத்தை நடத்தும் புலவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் வரும் பட்டர்பாவைகள், அதாவது அந்தணர் உருவப் பாவைகள், ஆடி முடிந்ததும் அவர் ஒரு சீட்டை விளக்கருகில் பிடித்து, அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் வாசித்து, அதற்குப் பின்னால் உங்கள் பெயரையும் சொல்லி, ஆயுளும் கல்வியும் பெருக வேண்டும் என்று வாழ்த்தினார். நீங்கள் முன்பக்கம் ஓடினீர்கள். மணலில் பாய் விரித்து ஒரு கிழவர் உறங்கிக்கொண்டிருந்தார்; வேறு ஒருவரும் இல்லை. திரும்பி வந்து, "என் பேரை யாருமே கேக்கலையேப்பா" என்று அழுதீர்கள். அப்பா எதிரே திறந்திருந்த கோயில் நடையைக் காட்டி, தாருகன் என்ற அசுரனோடு சண்டையிட்டதால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பகவதிக்காகவே இந்தக் கூத்து நடக்கிறது என்ற கதையை மறுபடியும் தொடங்கினார். நீங்கள் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். நம் இருவருக்கும் நடுவே இருக்கும் பிணக்கு அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

கல்விக்காக உங்களை வாழ்த்தச் சொன்ன அதே அப்பாதான் உங்கள் கல்லூரிக் கட்டணத்தைக் கடைசி நாள்வரை இழுத்தடித்தார். அதை நான் மறுக்கவில்லை. அவர் இல்லாத இடத்தில், அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆண்டு கட்டணம் தாமதமானதற்குக் காரணம் கூத்துமாடம் அல்ல, கடையில் கடன் சொல்லிப் போனவர்கள். பற்று வரவு நோட்டு என்னிடம் இருக்கிறது. பெயர்கள் பொதுவில் வேண்டாம். கூத்துக்கு அவர் கொடுத்தது எண்ணெயும் ஒரு இரவின் செலவும்தான். அப்படியிருக்க, பொங்கலுக்கு வந்தாலும் தீபாவளிக்கு வந்தாலும் அதையே சொல்லிச் சொல்லி, கடைசிவரை அவரைத் தலைகுனிய வைத்தீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா.

நான் கொடுத்ததில் எனக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டிய பிறகு கமிட்டியினர் என்னை எல்லா வேலைக்கும் கூப்பிடத் தொடங்கினார்கள். ஓடு பார்க்கப் போனேன். மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக அந்த நீண்ட திரையை இழுத்துக் கட்டினேன். ஒரு மாலை புலவர் பாவைப் பெட்டியைத் திறந்து, மான்தோலில் செய்த பழைய சீதையையும் ஆட்டுத்தோலில் செய்த புதிய சீதையையும் பக்கம் பக்கமாக விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான்தோலுக்கு வழியில்லை. பழைய பாவையில் ஒளி துளைகளின் வழியாக மட்டுமல்லாமல் தோலின் வழியாகவும் மங்கலாகக் கசிந்தது. அப்பா இத்தனை ஆண்டுகள் எதைப் பார்க்கப் போனார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேர்ந்தபோது, தாத்தா எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கம், கேரளத்திலேயே தங்கிவிட்டார். அதன் பலனைப் பள்ளிக்கூடத்தில் நாம் அனுபவித்தோம். தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பெயரால் அழைக்கப்பட்டபோது நீங்கள் தமிழ் பேசுவதையே நிறுத்தினீர்கள். அதே ஊரில், அதே பகவதியின் முன்னால், ஒவ்வொரு வேனலிலும் கம்பனின் விருத்தத்தை இரவெல்லாம் பாடுகிறார்கள். பாட்டு தமிழில், விளக்கம் மலையாளமும் தமிழும் வடமொழியும் கலந்து. சென்ற முறை பக்கத்து வீட்டு மலையாளப் பையன் ஒருவன் படிக்கட்டில் என்னருகே வந்து உட்கார்ந்து, கும்பகருணன் பேசும் ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டான். விடியும்வரை அவனுக்குப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் நம் மொழிக்காக என்னை ஒருவர் தேடி வந்தது அன்றுதான். ஓடு ஒழுகி மாடம் பூட்டப்பட்டிருந்தால் அந்தப் பையன் எங்கே வந்து கேட்டிருப்பான்?

2021-இல் தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நீங்கள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினீர்கள். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு நான் பல நாள் மகிழ்ந்திருந்தேன். அப்போதே உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம், நீங்களும் பேசியிருக்கலாம். இப்போது பெண்களும் பாவை பிடிக்கிறார்கள். பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆண்டு முதல் இரவு வாழ்த்துக்கு அப்பாவின் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், எனக்கோ எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. பிடிக்கவில்லையென்றால் மாசி முடிவதற்குள் சொல்லுங்கள், எடுத்துவிடச் சொல்கிறேன். பட்டாபிஷேக இரவுக்கு வருவதானால் மாமாவையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து மாலை வண்டியில் ஏறிவிடுங்கள்; பாலக்காடு ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்பேன். உங்கள் பங்கிலிருந்து ஒரு ரூபாயும் கேட்கமாட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொல்லி மட்டும் நீங்கள் என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி