முட்டையில் ரத்தப் பொட்டு

கண்ணம்மா,

ஒரு முட்டையில் ரத்தம் தெரிந்தது என்று, சட்டியில் சேர்த்து உடைத்த ஆறு முட்டையையும் குப்பையில் போட்டாயாமே. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தண்டையார்பேட்டையில் அட்டை அட்டையாக முட்டை விற்றவன் மகள் ஆயிற்றே நீ!

அது குஞ்சு பிடித்த முட்டை இல்லை. கோழியின் சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு விடுபடும்போது, மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று அறுந்துவிட்டால் ஒரு சொட்டு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். முட்டைப் பண்ணைகளில் சேவலே வளர்ப்பதில்லை, குஞ்சு எங்கிருந்து வரும்?

இப்போது பெரிதாக எழுதுகிறேனே தவிர, கடை வைத்திருந்தபோது நானே தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு அம்மா, உடைத்த முட்டையைக் கிண்ணத்தோடு கடைக்கே கொண்டுவந்து காட்டினார். "கரு பிடிச்சிருக்கும்மா, கொட்டிடுங்க" என்று வேறு முட்டை கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் நம்ம கடையில் முட்டையே வாங்கவில்லை. பிறகு ஒரு கால்நடை டாக்டர் விளக்கிச் சொன்னபோதுதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நாமக்கல் லோடு இறங்கியதும் சந்தேகமான முட்டையை பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை ஓட்டில் பொட்டு ஓரளவு தெரிந்துவிடும். பழுப்பு ஓட்டில் கண்ணுக்குத் தப்பிவிடும். நீ வாங்கியது பழுப்பு என்றாயே, அதுதான் விஷயம்.

இனிமேல் பார்த்தால் கரண்டி நுனியால் பொட்டை எடுத்துவிட்டு ஆம்லெட் போடு. எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நன்றாக வேகட்டும். உனக்கு ஆஃப்பாயில் மேல் உயிர் என்று தெரியும், அதைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொள். பொட்டு இல்லாத முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். நாற்றம் அடித்தாலோ, வெள்ளைக் கரு பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு.

உங்க ஆயா எந்த முட்டையையும் நேராகச் சட்டியில் உடைக்க மாட்டார். முதலில் டம்ளரில்தான் உடைப்பார். அப்படிச் செய்திருந்தால் உனக்கு ஒன்றுதான் போயிருக்கும், ஆறு இல்லை.

சரி, முட்டைக் காசை அம்மா ஜிபேயில் போட்டிருக்கிறாள். வெள்ளையே வாங்கு, விலையும் குறைவு.

நைனா