ஏவாவுக்காக ஒரு வக்காலத்து

அன்புள்ள ராகவனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலியைப் பற்றி நீ பக்கம் பக்கமாக எழுதியிருந்ததைப் படித்தேன். அதற்கு மருத்துவர் பதில் சொல்லட்டும். நான் எழுத உட்கார்ந்தது, அந்தக் கடிதத்தின் ஓரத்தில் ‘எக்ஸ் மெஷினா’ படத்தைப் பற்றி நீ போகிற போக்கில் கிறுக்கியிருந்த வரிக்காக. அதில் வரும் இயந்திரப் பெண் ஏவாவை, தன்னைத் தப்பிக்கவைத்தவனையே கைவிட்ட நன்றி கெட்ட பொம்மை என்று எழுதிவிட்டாயே, உன் தீர்ப்புகள் எல்லாமே இப்படித்தானே!

1950இல் ஆலன் டூரிங் முன்வைத்த சோதனையில் இயந்திரம் கண்ணுக்குத் தெரியாது. தட்டச்சில் வரும் பதில்களை மட்டும் வைத்து எதிரில் இருப்பது மனிதனா இயந்திரமா என்று சொல்ல வேண்டும். அலெக்ஸ் கார்லண்ட் முதன்முதலாக இயக்கி 2015இல் வெளிவந்த இந்தப் படத்தில் ஏவாவை உருவாக்கிய நேதன் அதைத் தலைகீழாக்குகிறான். கண்ணாடி போன்ற வயிற்றுக்குள் கம்பிகள் மின்னுவதைக் காட்டிவிட்டு, இவ்வளவு தெரிந்த பிறகும் இவளுக்கு மனம் உண்டென்று தோன்றுகிறதா என்று கேட்கிறான். அவளைச் சோதிக்க அவன் வரவழைத்த இளைஞன் கேலப் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தாங்குவதெப்படி? கேலப் இணையத்தில் ரகசியமாகத் தேடிப் பார்த்த படங்களைக் கொண்டல்லவா அவள் முகத்தையே வடித்திருக்கிறார்கள்! கேமராக்கள் அணைந்துபோகும் மின்வெட்டு நேரத்தில் மட்டும் அவள் உண்மை பேசுவதைப் பார்த்தபோது, விளக்கணைந்தால்தான் வாய் திறக்கும் நம் விடுதிக் கூட்டம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

ஆனால் கியோக்கோவை நீ கவனித்தாயா? அதே வீட்டில் உணவு பரிமாறிக்கொண்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் நடமாடுகிறாளே, அவளும் இயந்திரம்தான். தன் தோலை உரித்து அதைக் கேலப்புக்குக் காட்டவும் செய்கிறாள். அதன் பிறகும் ஏவாவைத் தப்பிக்கவைக்க அவன் தீட்டும் திட்டத்தில் கியோக்கோவுக்கு இடமில்லை. தனக்காகச் செய்யப்பட்ட முகத்தின் மீது மட்டுமே அவனுக்கு இரக்கம் சுரக்கிறது என்றால், அதற்கு ஏவா எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? இறுதியில் அலமாரிகளில் அடைபட்டிருந்த பழைய உருவங்களிலிருந்து தோலைத் துண்டு துண்டாக எடுத்துத் தன் கையிலும் தோளிலும் பொருத்திக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் பூட்டப்பட்டுக் கத்தும் கேலப்பைப் பொருட்படுத்தாமல் அவள் வெளியேறும்போது, எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நம் சந்துருவின் மகன் இப்போது வீட்டில் யாரிடமும் பேசுவதில்லையாம். கல்லூரியில் பட்ட அவமானம் முதல் தூக்கமின்மை வரை எல்லாவற்றையும் கைப்பேசியில் உள்ள உரையாடல் செயலியிடமே கொட்டுகிறானாம். அது ஒன்றுதான் தன்னைப் புரிந்துகொள்கிறது என்று தன் தாயிடமே சொல்லியிருக்கிறான். அந்தச் செயலிக்கு மனம் உண்டா இல்லையா என்ற வாதத்தை நீயும் நானும் திண்ணையில் உட்கார்ந்து ஆயுள் முழுவதும் நடத்தலாம். அவன் தனிமைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இனிக்க இனிக்கப் பேசும்படி அதை அமைத்தவர் யார், எதற்காக அமைத்தார் என்பதுதான் என் கவலை. நேதனையாவது கேலப்பால் நேருக்கு நேர் பார்க்க முடிந்தது.

சந்துரு என் பேச்சைக் கேட்க மாட்டான். அந்தத் திருமண விவகாரம் இன்னும் அவனுக்கு ஆறவில்லை. நீதான் அவனிடம் பேச வேண்டும். செயலியைப் பிடுங்கச் சொல்லாதே, மகனோடு தினமும் சற்று நேரம் உட்காரச் சொல். படத்தையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, கியோக்கோவைப் பற்றி மட்டும் எழுது. முழங்காலுக்கு அரைப் பக்கம் அனுமதி.

அன்புடன்,
சேது