பார்வையாளர் வட்டத்தைக் குறுக்கித் தராத விளம்பரச் சேவை குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
சீர்பட்சணம் தயாரிப்பவர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
சமூக ஊடக விளம்பரப் பிரிவு,
தில்லைநகர் கிளை, திருச்சிராப்பள்ளி.

நாள்: 11.02.2025

பொருள்: முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைக் கேட்டுக்கொண்டபடி குறுகிய வட்டத்துக்குக் காட்டாமல் பணத்தைச் செலவழித்தது, கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 2 மாதங்களில் தங்கள் அலுவலகத்துக்கு 4 முறை நேரில் வந்தும், 19 முறை தொலைபேசியில் பேசியும், 7 மின்னஞ்சல்கள் அனுப்பியும் ஒரு கேள்விக்குக்கூட நேரான பதில் கிடைக்காத நிலையில், இனிப் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்து இக்கடிதத்தை எழுதுகிறேன். இதைத் தாங்களே முழுமையாகப் படிக்க வேண்டும் என்றும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத் தள்ளிவிட வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கல்யாணங்களுக்குச் சீர்பட்சணம் செய்து கொடுக்கிறேன். பருப்புத்தேங்காய், அதிரசம், லட்டு, மைசூர்பாகு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கையால் சுற்றும் முறுக்கு ஆகியவையே என் தொழில். கணவர் காலமானபின் 1998-இல் தொடங்கிய இந்தத் தொழிலில் என்னோடு 4 பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒன்பது சுற்றுக் கைமுறுக்கைக் கூரியரில் அனுப்பினால் தூளாகத்தான் போய்ச் சேரும். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய் மண்டபத்தில் இறக்க வேண்டிய பண்டம் அது. ஆகவே வடக்கே சமயபுரம், கிழக்கே திருவெறும்பூர் வரையிலான, சுமார் 15 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருப்பவர் எத்தனை ஆசையாகக் கேட்டாலும் என்னால் கொடுக்க இயலாது. இதைக் கடந்த டிசம்பர் 6-ஆம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் சொன்னேன்; அவரும் குறித்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொன்னேன். பட்சணத்துக்கு ஆர்டர் கொடுப்பவர் கல்யாணப் பெண் அல்லர். பெண்ணின் அம்மா, அவர் இல்லையென்றால் சித்தி அல்லது அத்தை. வயது 45-லிருந்து 60-க்குள் இருக்கும். முகநூலில் ‘பெண்ணுக்கு அம்மா’ என்று தேர்ந்தெடுக்க வழியில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் பெண்கள், இந்த வயது, இந்த 15 கிலோமீட்டர், திருமண ஏற்பாடுகளில் ஆர்வம், அதோடு சமையல் சார்ந்த ஆர்வம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் குறுக்கித் தரும்படி கேட்டேன். தங்கள் ஊழியர்கள் எல்லா ஆர்வங்களையும் விளம்பரத் திரையின் ஒரே பெட்டிக்குள் கொட்டிவிட்டார்கள். ஒரே பெட்டிக்குள் போட்டால் ‘இதுவோ அதுவோ’ என்றுதான் பொருள்; சமையலில் மட்டும் ஆர்வமுள்ளவரும் உள்ளே வந்துவிடுவார். ‘இதுவும் அதுவும்’ இருப்பவரை மட்டும் பிடிக்க வேண்டுமானால், ‘நேரோ’ (குறுக்குதல்) செய்து அடுத்த பெட்டியில் தனியாகச் சேர்க்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்துக்கு, 61 வயதில் அண்ணன் மகளிடம் கேட்டு நான் தெரிந்துகொண்ட இந்த ஒரு விஷயம் தெரியாமல் இருக்க முடியாது என்றே இன்றும் நம்புகிறேன். தெரிந்தும் செய்யவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

ஜனவரி 9-ஆம் தேதி நடந்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அன்று மோகினி அலங்காரம். மறுநாள் சொர்க்கவாசல் திறப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து அன்றைக்கு வெளியே போவதும் திரும்ப உள்ளே வருவதும் எப்படிப்பட்ட பாடு என்பது திருச்சியில் அலுவலகம் வைத்திருக்கும் தங்களுக்குத் தெரியும். அடுப்பில் பாகு காயும் நேரத்தில், “மேடம், இன்னைக்கு நேர்ல வந்தா செட்டிங்ஸ் எல்லாம் உங்க கண் முன்னாடியே மாத்தித் தந்துடறோம்” என்று தங்கள் அலுவலகத்திலிருந்து அழைத்ததால் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வந்து ஒன்றரை மணி நேரம் வாசலில் உட்கார வைத்தபின், என் கணக்கைப் பார்ப்பவர் அன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்றார்கள். அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தபோது அந்தத் தம்பி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: “உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. முறுக்கு சுத்துற வேலையப் பாருங்க, ஆடியன்ஸ நாங்க பாத்துக்கறோம்.” வரவேற்பில் இருந்த 3 பேரும் அதைக் கேட்டார்கள். 27 ஆண்டுகளாக இந்த ஊரில் என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை. பணம் போனதைக்கூட நான் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அன்று நான் திரும்பி வருவதற்குள் ஒரு கல்யாணத்துக்கான பாகு முழுவதும் முற்றிப் போயிருந்தது.

விளம்பரம் டிசம்பர் 16 முதல் ஜனவரி 13 வரை, அதாவது மார்கழி முழுவதும் ஓடியது. தை, மாசி முகூர்த்தங்களுக்குப் பட்சணப் பட்டியல் முடிவாவது மார்கழியில்தான் என்பதால் அந்த மாதத்தை நானே தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் தமிழகம் முழுவதும் காட்டப்பட்டது. நான் கேட்டபின் 80 கிலோமீட்டர் வட்டம் என்று மாற்றினார்கள். அதனால் தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் பெரம்பலூரும் உள்ளே வந்தன. 15 கிலோமீட்டருக்குச் சுருக்கியது டிசம்பர் 30-ஆம் தேதிக்குப் பிறகுதான். அதற்குள் ஸ்ரீரங்கம் கோயிலில் இருபது நாள் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின் முதல் பாதியான பகல்பத்து தொடங்கிவிட்டது. முகநூலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கே குடியிருப்பவர்களோடு, அண்மையில் அங்கே வந்தவர்களும் சேர்ந்தே வருவார்கள். குடியிருப்பவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி 2023-லேயே போய்விட்டது. அது தங்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல ஊர்களிலிருந்து பக்தர்கள் வந்து குவியும் அந்த இருபது நாளில் அவர்கள் அத்தனை பேரின் கைபேசியும் என் வட்டத்துக்குள்தான் இருக்கும் என்பதை என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய பொறுப்பு தங்களுடையதுதானே? எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல், தங்க அறை கிடைக்குமா, பிரசாதக் கடை எங்கே, ஒரு லட்டு என்ன விலை என்று தமிழிலும் தெலுங்கிலும் கேட்டவைதான். பாவம், அவர்கள் மேல் தவறில்லை.

விளம்பரத்தைத் திருவிழா முடியும்வரை நிறுத்தி வையுங்கள் என்று ஜனவரி 2-ஆம் தேதியே எழுதினேன். நிறுத்தினால் ‘லேர்னிங்’ கெட்டுவிடும், வாரத்துக்கு 50 விசாரணைகளாவது வந்தால்தான் யாருக்குக் காட்டுவது என்பதை முகநூல் கற்றுக்கொள்ளும் என்று பதில் வந்தது. அறை கேட்டு அழைத்தவர்களை வைத்து அது கற்றுக்கொண்டால், அறை தேடுபவர்களைத்தானே மேலும் மேலும் தேடிக் கொண்டுவரும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

கடைசியாக, எத்தனையோ முறை கேட்டபின் ஜனவரி 24 அன்று அறிக்கை அனுப்பினீர்கள். விளம்பரத்துக்குச் செலவான 30,000 ரூபாயில் 18,400 ரூபாய், 18 முதல் 24 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்குக் காட்டியதில் போயிருக்கிறது. நான் கேட்ட வயதும் பாலினமும் வெறும் ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளப்படும் வகையில், தானாகவே வட்டத்தை விரித்துக்கொள்ளும், முகநூலின் அட்வான்டேஜ் பிளஸ் அமைப்பை அப்படியே விட்டிருந்ததுதான் காரணம். குறைந்த செலவில் விளம்பரத்தைத் தட்டுபவர்கள் எங்கே கிடைக்கிறார்களோ அந்தப் பக்கம்தான் அது சாயும். அதை மாற்றும் வழி அதே திரையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘துல்லியமான இலக்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிட்டு அதைச் செய்யாமல் விட்டதற்கு என்ன பெயர் என்பதை நுகர்வோர் ஆணையம் சொல்லட்டும்.

பழைய வாடிக்கையாளர்கள் 412 பேரின் கைபேசி எண்களை நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எக்ஸெலில் ஏற்றி 3 முறை அனுப்பினேன். அவர்களைப் போன்றவர்களைத் தேட ‘லுக்அலைக்’ வட்டம் உருவாக்கப் போவதாகச் சொன்னீர்கள். அப்படி எதுவும் உருவாக்கப்படவில்லை என்பது அறிக்கையிலேயே தெரிகிறது. அந்த எண்கள் இப்போது யார் கையில் இருக்கின்றன? என்னை நம்பித் தங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்த பெண்மணிகள் அவர்கள். இதற்கு மட்டுமாவது உடனே பதில் தாருங்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தொகுப்புக் கட்டணம் 45,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 8,100 ரூபாயும் சேர்த்து 53,100 ரூபாய் செலுத்தியிருக்கிறேன். அது மட்டும் என் நஷ்டம் அல்ல. தை மாதத்துக்கு வழக்கமாக 22, 23 கல்யாண ஆர்டர்கள் வரும்; இந்தத் தையில் 9-தான் வந்தது. மாசியும் இப்படியே போனால் இந்த ஆண்டுக்கான நஷ்டம் குறைந்தது 6 லட்சம் ரூபாய். இருபத்தேழு ஆண்டு கட்டிக் காத்த தொழிலே இந்த ஒரு மாதத்தில் அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. என்னோடு இருக்கும் 4 பெண்களின் வீட்டு அடுப்பும் இதை நம்பித்தான் எரிகிறது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் 53,100 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். 412 எண்களும் அழிக்கப்பட்டுவிட்டன என்று கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். விளம்பரம் தங்கள் கணக்கின் வழியாகவே ஓடியதால், என் முகநூல் பக்கத்தின் நிர்வாக உரிமையை முழுமையாக என் பெயருக்கு மாற்றி, தங்கள் ஊழியர்களை அதிலிருந்து நீக்க வேண்டும். ஜனவரி 9 அன்று பேசிய அந்த ஊழியர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவர் வேலையைப் பறிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தொழில் செய்பவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காக மட்டுமே பொருளை விலை கொடுத்து வாங்குபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே என்பதை அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்; நான் பெற்ற சேவைக்கும் அது பொருந்த வேண்டும் என்று ஆணையத்திடம் கேட்பேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்ய எல்லாக் காகிதங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். 15 நாள் கடந்தால் 16-ஆம் நாள் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்த இடத்துக்கு என்னை அனுப்பாமல் பேசி முடிக்கவே விரும்புகிறேன். பேச வேண்டுமானால் பகல் 2 மணிக்கு மேல் அழையுங்கள். அதற்கு முன் அடுப்படியில் இருப்பேன். தயவுசெய்து இனி என்னைத் தில்லைநகருக்கு வரச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சீர்பட்சணம் தயாரிப்பவர், ஸ்ரீரங்கம்.

இணைப்பு: ஒப்பந்த நகல், ரசீது, ஜனவரி 24 அறிக்கை, 7 மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி.