6-ம் எண் நிப்பு தடித்து எழுதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மைப்பேனா வாங்குவோருக்கான குறிப்புகளைச் சென்ற இதழில் படித்தேன். '5-ம் எண் நிப்பு மெலிதாகவும், 6-ம் எண் தடிப்பாகவும் எழுதும்' என்று போட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் முத்திரைத்தாளில் கிரயப் பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

5, 6 என்பவை நிப்பின் உடல் அளவு. அது பேனாவின் எந்தக் கழுத்தில் உட்காரும், அடியில் மை கொண்டுவரும் எந்த நாக்கு பொருந்தும் என்று பேனா செய்கிறவருக்குச் சொல்லும் எண்கள். போக், யோவோ என்ற இரண்டு ஜெர்மன் நிறுவனங்கள் பல பேனாக் கம்பெனிகளுக்கு நிப்பு செய்து கொடுக்கின்றன. அவற்றின் 6-ம் எண்ணிலேயே ஊசி போன்ற முனையும் உண்டு, தடித்த முனையும் உண்டு. பைலட் கம்பெனிக்கு 5, 10, 15 என்று தனிக் கணக்கு. எண் உண்மையாகவே கோட்டின் அகலத்தைச் சொல்வது பெரும்பாலும் 1.1, 1.5 என்று பொறித்த, முனை தட்டையான பட்டை நிப்பில்தான், அது மில்லிமீட்டர். கட்டுரையாளர் இதோடு குழப்பிக்கொண்டாரோ என்னவோ. போகிற போக்கில் இன்னொன்று: தங்க நிப்பில் 585, 750 என்றிருந்தால் அது மாடல் எண் அல்ல, ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. நகைக்கடையில் 916 பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றபடி தடிமனைச் சொல்வது நிப்பில் பொறித்த ஆங்கில எழுத்துதான்: இ.எஃப். (மிக மெலிது), எஃப் (மெலிது), எம் (நடுத்தரம்), பி (தடிப்பு). எஃப் மெலிது என்கிறார்கள். எதைவிட மெலிது? அதே கம்பெனியின் எம்மைவிட, அவ்வளவுதான். பைலட், செய்லர், பிளாட்டினம் போன்ற ஜப்பானியப் பேனாக்களின் எஃப், பெரும்பாலும் லாமி, பெலிக்கன் போன்ற ஜெர்மன் பேனாக்களின் இ.எஃப். அளவுக்கு மெலிதாக எழுதும். சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் இழுக்க வேண்டிய எழுத்து ஜப்பானியர்களுடையது.

நம்முடையதும் லேசுப்பட்டதல்ல. சென்ற ஆண்டு பேத்திக்கு ஓர் ஐரோப்பியப் பேனா வாங்கினேன். எஃப் என்று பார்த்துத்தான் வாங்கினேன். கடையில் எழுதிப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்து பள்ளி நோட்டில் 'கிணறு' என்று எழுதினாள். மூன்று சுழி ண-வில் ஒரு சுழிகூடத் தெரியவில்லை, மைக்கட்டிதான் இருந்தது. நோட்டுத் தாள் மை குடித்ததும் ஒரு காரணம். அதே பேனா முத்திரைத்தாளில் ஒழுங்காகவே எழுதியது. கடைக்காரரோ, மை தொட்ட நிப்பை மாற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் தொழிலுக்கு வந்தபோது சாத்தூர் நிப்பு கடையில் தனியாகக் கிடைக்கும். நாலைந்தை மையில் தோய்த்து எழுதிப் பார்த்து, கைக்கு வாகானதைச் செருகிக்கொள்வோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நான் 'மண்ணெண்ணெய்' என்று எழுதுவேன். நான்கு ண-விலும் சுழிகள் திறந்து நின்றால் அந்த நிப்பு எனக்கு. மேலே என்ன பொறித்திருந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் நாலு பேருக்குக் காசு மிஞ்சும். பேத்தியின் பேனா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஊறுகாய் ஜாடிகளுக்குச் சீட்டு எழுத நன்றாக உதவுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
அருப்புக்கோட்டை