நள்ளிரவுக் காட்சியும் நிஜ ரத்தமும்

ஆசிரியருக்கு,

லண்டன் திரையரங்குகளில் பழைய இத்தாலியத் திகில் படங்களுக்கு நள்ளிரவில் கூட்டம் சேர்வது பற்றிய செய்தியைப் படித்தேன். 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) படத்தின் தடை வரலாறு அதில் ஏதோ சாகசக் கதைபோலச் சொல்லப்பட்டிருக்கிறது. நடிகர்களைக் கொன்றே படமெடுத்தார் என்ற சந்தேகம் எழுந்து, அவர்கள் உயிரோடிருப்பதை இயக்குநர் ருஜெரோ டியோடாட்டோ நிரூபிக்க நேர்ந்தது உண்மைதான். ஆனால் அப்படத்தில் விலங்குகள் நிஜமாகவே கொல்லப்பட்டன. செய்தியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

லண்டனில் மாணவனாக இருந்த நாளில் நண்பர்களோடு இப்படத்தின் இரவுக் காட்சிக்குப் போயிருந்தேன். பொய் ரத்தத்தைக் கண்டு கைதட்டிச் சிரித்த அரங்கம், ஆற்றிலிருந்து இழுத்துவந்த ஆமையை வெட்டத் தொடங்கியதும் அடங்கிப்போனது. பக்கத்து இருக்கைக்காரர் பாப்கார்ன் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனார், திரும்பவில்லை. இப்படத்துக்குத் தடை வேண்டுமென்று நான் கேட்கவில்லை. பிரிட்டன் தணிக்கை வாரியமே 2011இல் சுமார் 15 விநாடிகளை மட்டும் நீக்கி அனுமதித்துவிட்டது. நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலேயே 'விலங்குகள் சாவது நடிப்பல்ல' என்று பெரிய எழுத்தில் வைக்கலாம். இத்தகைய படங்களைப் பற்றி எழுதும்போது தங்கள் நாளிதழும் அதைக் குறிப்பிட வேண்டும்.

– வாசகர், திருச்சி